பந்தியில் உட்காராதவர்

திருமலைசாமி வீட்டு விருந்தில் திருமலைசாமி உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. வருகிறவர் மில் முதலாளியாக இருந்தாலும் சரி, மாட்டுத் தரகராக இருந்தாலும் சரி, வந்தவர் உட்கார வேண்டும், வீட்டுக்காரர் நிற்க வேண்டும். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நெய்க் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இலை இலையாகப் போவார். எது தீர்ந்தது என்று சாப்பிடுகிறவர் தலையைத் தூக்குவதற்கு முன்பே அது இலையில் விழுந்திருக்கும். போதுமென்று கையை வைத்து மறைத்தால் கை மேலேயே ஊற்றுவார். கடைசி ஒறம்பரை கை கழுவிவிட்டு வெற்றிலைத் தட்டுப் பக்கம் போன பிறகுதான் அவர் அடுப்படியில் உட்கார்ந்து, இருப்பதைப் போட்டுக்கொண்டு சாப்பிடுவார். கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் இந்த மரியாதைக்குப் பேர் போன வீடு அது.

அந்த மரியாதைதான் அவரைக் கவிழ்த்துப்போட்டது.

ஆள் சாமானியப்பட்டவர் இல்லை. கருமத்தம்பட்டிக்குத் தெற்கே ஒரு காட்டில் பிறந்தவர். காடு என்றால் சொந்தக் காடு அல்ல, அப்பன் கூலிக்குப் போன காடு. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. தறிக் குடோனில் எண்ணெய் ஊற்றுகிற வேலைக்குப் போய், அங்கேயே தூங்கி, அங்கேயே வளர்ந்து, மீசை முளைக்கிற நேரத்தில் பிட்டர் ஆகிவிட்டார். மூடிப்போன மில்களில் எடைக்குப் போடுகிற தறிகளை வாங்கி வந்து, நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, ஓட வைத்து விற்றார். ஓடாத தறியைத் திருமலைசாமி விற்றார் என்று சொல்ல இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. கணபதியில் இடம் வாங்கி வீடு கட்டினார். வீட்டுக்கு முன்னால் ஆபீஸ். ஆபீஸில் டை கட்டின பையன்கள் நாலு பேர். அத்தனை பேரும் காலேஜ் படித்தவர்கள், அத்தனை பேரும் அவர் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பார்கள். கடன் வாங்காமல், காலில் விழாமல், எவன் வீட்டு வாசலிலும் காத்துக் கிடக்காமல் வந்த வாழ்க்கை. இதை அவரே பத்துப் பேரிடம் சொல்லுவார். சொன்னால் என்ன, பொய்யா?

காலம் மாறியது. ஊடுநூலைச் சுமந்துகொண்டு நாடா ஓடுகிற பழைய தறியில் நெய்த துணிக்கு விலை இல்லை என்றாகிவிட்டது. நாடாவே இல்லாமல் ஓடுகிற தறி வேண்டும் என்று நெசவுக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஜப்பான் தறி யானை விலை. சீனாவில் அதையே பாதிக்கும் கீழே செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். கேள்விப்பட்ட மாசமே பாஸ்போர்ட் எடுத்தார். கொரோனாவுக்கு ஏழெட்டு வருஷம் முந்தி நடந்தது இது.

கூட்டிக்கொண்டு போனது கதிரேசனை. கதிரேசன், மனைவி தெய்வாத்தாளின் தம்பி. மாமனார் சீக்கிரமே போய்விட்டதால் பையன் அக்கா வீட்டில்தான் வளர்ந்தான். திருமலைசாமிதான் படிக்க வைத்தார், பி.பி.ஏ. வரைக்கும். திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்த்ததில் இங்கிலீஷ் நன்றாக வரும். மாமாவின் பெட்டியைத் தூக்க, மாமா சொல்வதை இங்கிலீஷில் சொல்ல, மாமாவுக்குப் பின்னால் நிற்க. அதற்குத்தான் அவன்.

ஷாங்காயிலிருந்து காரில் அரைநாள் தூரத்தில் ஓர் ஊர். அங்கே தறி செய்கிற கம்பெனியின் முதலாளி பெயர் லின். திருமலைசாமி வயதுதான் இருக்கும், குட்டையான ஆள், தலைமுடிக்கு மை பூசியிருந்தார். இவர் தறியைப் பார்த்தார். கழற்றச் சொன்னார். மாட்டச் சொன்னார். ஓட்டச் சொன்னார். விலை பேசினார். பேசுவது என்றால் நம்ம ஊர்ப் பேச்சு, உட்கார்ந்த இடத்திலேயே முடிக்கிற பேச்சு. லின் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினார். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு மூன்று ஜில்லாவுக்கும் ஏஜென்சி இவருக்கே என்று வாயால் முடிவானது. கைகுலுக்கியதும் திருமலைசாமிக்கு வேலை தீர்ந்தது. ஒருத்தன் வாயால் ஒத்துக்கொண்ட பிறகு பேச என்ன இருக்கிறது?

பொழுது சாய்ந்ததும் விருந்து என்று லின் கூப்பிட்டார். திருமலைசாமி தலையை ஆட்டிவிட்டு ஓட்டல் அறைக்கு வந்துவிட்டார்.

அவர் குடிக்காதவர். பழனிக்கு வருஷம் தவறாமல் நடந்து போகிறவர். கிருத்திகைக்குப் பச்சைத் தண்ணீரோடு இருப்பவர். கறி சாப்பிடுவார், ஆனால் வீட்டில் அறுத்து வீட்டில் ஆக்கினது. அந்த ஊர்ச் சட்டியில் என்னென்ன வேகிறதோ யாருக்குத் தெரியும். தெய்வாத்தாள் குட்டி குக்கர், அரிசி, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எல்லாம் கட்டிக் கொடுத்திருந்தாள். அறையில் சோறு வடித்துத் தின்றுகொண்டே மச்சினனைப் பார்த்துச் சொன்னார்.

"நீ போய்ட்டு வா மாப்ளே. ஊத்துனா ஊத்திக்க, எனக்கொண்ணும் இல்ல. ஏவாரம் பகல்லயே முடிஞ்சுபோச்சு. குடிச்சுக் கூத்தடிக்கறதுக்கெல்லாம் மொதலாளி போவோணும்னு இல்ல."

அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த வருஷம் போனார்கள், அதற்கடுத்த வருஷமும் போனார்கள். பகலில் மாமா, பொழுது சாய்ந்தால் மச்சினன். வட்ட மேசை, நடுவில் சுற்றுகிற கண்ணாடித் தட்டு. லின் தன் கையாலேயே கறித் துண்டை எடுத்துப் பக்கத்தில் இருப்பவன் தட்டில் வைப்பாராம். தண்ணீர் மாதிரி இருக்கிற சாராயத்தை விரலளவு டம்ளரில் ஊற்றி எல்லோரும் எழுந்து நின்று இடித்துக்கொள்வார்களாம். பெரியவரோடு இடிக்கும்போது தன் டம்ளரைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டுமாம். கதிரேசன் வந்து இதையெல்லாம் சொல்வான். திருமலைசாமி சிரிப்பார்.

"டம்ளர எறக்கிப் புடிச்சா மரியாதை, ஏத்திப் புடிச்சா மரியாதை இல்லியாமா. நல்ல ஊருடா சாமி."

தறிகள் கப்பல் கப்பலாக வந்தன. கருமத்தம்பட்டி, சோமனூர், பல்லடம் என்று எந்தக் குடோனுக்குள் நுழைந்தாலும் லின் கம்பெனித் தறி ஓடியது. ஓடியதெல்லாம் திருமலைசாமி நட்டுப் போல்ட்டு முடுக்கி நிறுத்தினது. அந்தப் பெருமையில் பாதியாவது அவருக்குப் போய்ச் சேரத்தான் வேண்டும்.

ஒரு தை மாசத்தில் லின் கோயமுத்தூர் வந்தார். ஓட்டலில் சாப்பாடு போடலாம் என்றான் கதிரேசன். திருமலைசாமிக்குக் கோபமே வந்துவிட்டது. ஊடு இருக்கும்போது ஓட்டலா? அன்றைக்கு வீட்டில் நோம்பி மாதிரி வேலை நடந்தது. சந்தகை பிழிந்தார்கள். ஒப்புட்டு சுட்டார்கள். நாட்டுக்கோழி அடித்தார்கள். தலைவாழை இலைக்கு ஆளனுப்பி, நுனி கிழியாததாகப் பொறுக்கி வாங்கினார்கள். மேசை போட்டு லின்னை நடுவில் உட்கார வைத்தார். தனியாக உட்கார்ந்தால் கூச்சப்படுவாரே என்று பக்கத்தில் துணைக்குக் கதிரேசனை உட்காரச் சொன்னார். பிறகு துண்டை இடுப்பில் கட்டினார். நெய்க் கிண்ணத்தை எடுத்தார்.

இத்தனை தறி விற்ற மனிதன், நாலு பேர் கைகட்டி நிற்கிற முதலாளி, அந்தச் சீனாக்காரருக்கு முன்னால் நின்று தன் கையால் பரிமாறினார். சம்பந்தி வீட்டாருக்குக்கூட அப்படிச் செய்திருக்க மாட்டார். லின் எழுந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக் காட்டினார். திருமலைசாமி சிரித்துவிட்டு இன்னொரு ஒப்புட்டு வைத்தார். லின் கதிரேசனிடம் ஏதோ கேட்டார். கதிரேசன் இங்கிலீஷில் ஏதோ சொன்னான். லின் கோழிக்கறியில் ஒரு துண்டை எடுத்துத் திருமலைசாமியிடம் நீட்டினார். எச்சில் கையால் நீட்டுகிறாரே என்று சங்கடப்பட்ட திருமலைசாமி, இரண்டு கையாலும் கும்பிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார். லின் அந்தத் துண்டைத் திரும்ப இலையில் வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கதிரேசன் இலையில் வைத்தார். அவன் தின்றான்.

அன்று சாயந்திரம் திருமலைசாமி தெய்வாத்தாளிடம் சொன்னது இது. "பாத்தியா அம்மிணி, மனுசன் அசந்துபோயிட்டான். இப்பிடியொரு மரியாதைய அவன் ஊர்ல எவன் செய்வான்?"

கொரோனா வந்தது. முகக்கவசம் கிடைக்காமல் எல்லோரும் அலைந்த நேரத்தில் சீனாவிலிருந்து ஒரு பெட்டி நிறைய வந்தது. பெட்டி மேல் கதிரேசன் பெயர்தான் இருந்தது. ஆபீஸ் விலாசத்துக்கு வந்ததால் திருமலைசாமி அதைத் தனக்கு வந்ததாகவே எடுத்துக்கொண்டார். லின் அனுப்பினதாக்கும் என்று தெருவெல்லாம் கொடுத்தார்.

பாதை திறந்து போக்குவரத்து சரியானதும் லின் கம்பெனி இந்தியாவில் ஒரு பேக்டரி போடப்போகிறது என்ற பேச்சு வந்தது. பாகங்களைக் கொண்டுவந்து இங்கேயே தறியாக மாட்டுகிற பேக்டரி. சூரத்திலும் ஆள் கேட்டார்கள். ஆனால் கோயமுத்தூரில்தான் போடுவது, உள்ளூர்க் கூட்டாளி ஒருவரோடுதான் போடுவது என்று லின் சொல்லிவிட்டார். உள்ளூர்க் கூட்டாளி என்றால் வேறு யார்? திருமலைசாமி ஒருநாள்கூடச் சந்தேகப்படவில்லை. எண்ணெய் ஊற்றின பையன் தறி செய்கிற முதலாளியாகப் போகிறான். இந்த ஒன்றுக்காகத்தான் அறுபது வருஷம் ஓடி வந்ததுபோல அவருக்கு இருந்தது. பேக்டரி வாசலில் தன் பெயர் பலகை. அதைப் பார்த்துவிட்டுச் செத்தாலும் போதும் என்று பலபேரிடம் சொன்னார்.

கருமத்தம்பட்டிப் பக்கம் அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி நிலம் பார்த்து வாங்கினார். அப்பன் கூலிக்குப் போன காட்டை ஒட்டின நிலம். பிறகு கதிரேசனோடு சீனாவுக்குப் போனார். பேக்டரி விஷயத்தைப் பகலில் எடுத்தார். நிலத்தின் போட்டோவைக் காட்டினார். லின் நன்றாகப் பார்த்தார். நல்ல நிலம் என்றார். இதையெல்லாம் ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்து விவரமாகப் பேசலாம், கட்டாயம் வர வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். இரண்டாவது தரம் திருமலைசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

கையைப் பிடித்தார் அல்லவா, அது போதும். முடிந்துவிட்டது என்று இவர் எடுத்துக்கொண்டார். மச்சினனை அனுப்பிவிட்டு அறைக்கு வந்து குக்கரில் அரிசி போட்டார். அது வேகிற நேரத்தில் தெய்வாத்தாளுக்குப் போன் போட்டு, கொத்தனாரை வரச் சொல்லிக் காம்பவுண்டுச் சுவரை ஆரம்பிக்கச் சொன்னார்.

கதிரேசன் திரும்பி வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது. என்ன பேசினாங்க என்று கேட்டார். பேசலாம்னு சொல்றாருங்க மாமா என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

சுவர் எழும்பியது. போர் போட்டார்கள், தண்ணீரும் வந்தது. லின்னிடமிருந்துதான் சேதி வரவில்லை. கேட்டால் நல்லபடியாகப் போகிறது, யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்பார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை வரவில்லை. இல்லை என்று சொல்லாதவன் ஆமாம் என்றுதானே சொல்கிறான். நம்ம ஊரிலும் முகத்துக்கு நேராக இல்லை என்று யார் சொல்கிறார்கள்? பார்க்கலாமுங்க என்றுதான் சொல்வோம். ஆனால் அதைக் கேட்டதும் இல்லை என்று நமக்குப் புரிந்துவிடும். சீனாக்காரர் சொன்னபோது புரியவில்லை. கண்காட்சிக்கு என்று கதிரேசன் ஒரு தரம் தனியாகப் போய்வந்தான். அப்போதும் திருமலைசாமி ஒன்றும் நினைக்கவில்லை. வளர்த்த பையன்.

விஷயத்தைக் கொண்டுவந்தது வெளி ஆள். நிலம் பத்திரம் பண்ணுகிற புரோக்கர். அன்னூர்ப் பக்கம் ஓர் இடத்துக்குக் கதிரேசன் பெயரிலும் சீனாக் கம்பெனி பெயரிலும் சேர்ந்து குத்தகை ஒப்பந்தம் ஆகியிருக்கிறதே, உங்களுக்குத் தெரியாதுங்களா என்றான்.

திருமலைசாமி ஆபீஸில் வைத்து எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வரச் சொன்னார். கதிரேசன் வந்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, எப்போதும் உட்காருகிற நாற்காலியில் உட்காராமல் நின்றான். தெய்வாத்தாள் அடுப்படிக் கதவோரம் நின்றுகொண்டாள்.

"நெசந்தானாடா?"

"நெசந்தானுங்க மாமா."

"எப்பத்திருந்து?"

"போன தடவ நீங்களும் வந்தீங்களே, அன்னைக்கிருந்துங்க. அன்னைக்குத்தான் அவுரு கேட்டாரு. ஒரு நாளும் என்ற கூட ஒக்காந்து சோறுண்காத மனுசனோட நான் எப்பிடிக் கூட்டுச் சேர்றதுன்னு. நீ வாரியான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்னேனுங்க."

"அன்னைக்கே என்றகிட்ட வந்து சொல்றதுக்கு என்ன?"

கதிரேசன் தரையைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கிப் பேசினான். குரல் உயரவில்லை.

"மொத வருசத்திலிருந்து கேட்டுட்டுதானுங்க இருந்தாரு. உங்க மொதலாளி ஏன் வரலீன்னு. ஒடம்பு செரியில்லைன்னேன். அடுத்த வருசமும் ஒடம்பு செரியில்லைன்னேன். இங்க ஊட்டுக்கு வந்தப்பவும் கேட்டாரு, எனக்கு முன்னாடி நின்னுட்டே இருக்காரே, என்ற கையில குடுத்தத வாங்காம போறாரே, நான் எதாச்சு தப்புப் பண்ணிப்போட்டனான்னு. நான் ஒருக்கா உங்ககிட்டச் சொன்னனுங்க, சித்த ஒக்காருங்க மாமான்னு. குடிகாரப் பசங்ககூட எனக்கென்ன ஒக்கார வேண்டிக் கெடக்குதுன்னீங்க. அந்தக் குடிகாரப் பசங்கள்ல நானும் ஒருத்தனுங்க. பத்து வருசமா எனக்குக் குடல் வெந்துபோச்சு. உங்களுக்கு அது கூலி வேல மாதிரி."

"அப்ப கூலிக்குக் காட்ட எழுதி வாங்கிட்ட."

"லின்னோட அப்பன் பட்டுப்பூச்சி வளத்தவருங்க மாமா. லின்னும் பள்ளிக்கூடத்தப் பாதியில உட்டவருதான். உங்கள மாதிரியே எண்ணெய் ஊத்தி வந்தவரு. உங்களுக்குத் தெரியுமா?"

திருமலைசாமிக்குத் தெரியாது. பகலில் அதையெல்லாம் யாரும் சொல்லவில்லை.

"தெரிஞ்சவன் சொல்லியிருக்கோணும்" என்றார். "சொல்லாம வெச்சிருந்து வித்துப்போட்ட. போடா."

கதிரேசன் அக்காவைப் பார்த்தான். தெய்வாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் போனான்.

சீனாக்காரனுக்குச் சாராயம் முக்கியம், நான் குடிக்காததால் ஏமாந்தேன் என்று திருமலைசாமி மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். ஒழுக்கத்துக்காகத் தோற்றவன் என்று ஒரு பெயராவது மிஞ்சும். நாலு இடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டும் வந்தார். அதையும் கெடுத்தது முஸ்தபா.

முஸ்தபா கோட்டைமேட்டில் தறி உதிரி சாமான் கடை வைத்திருப்பவர். இருவருக்கும் முப்பது வருஷப் பழக்கம். முஸ்தபாவும் சீனாவுக்குப் போய்வருகிறவர், இவருக்கு முந்தியே போக ஆரம்பித்தவர். ஒருநாள் கடையில் உட்கார்ந்து திருமலைசாமி அந்தச் சாராயக் கதையை ஆரம்பித்தார். முஸ்தபா பேரிங் பெட்டியை அடுக்கிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் திரும்பினார்.

"ஏனுங்ணா, நான் ஒரு சொட்டு தொட்டதுண்டா?"

"நீ எப்பிடித் தொடுவே."

"தொட்டதில்லீங்ணா. பன்னிக்கறி சுத்தி வந்தா அதுபாட்டுக்குச் சுத்திப் போகும். எனக்கு முட்டையும் கீரையும் தனியா வெச்சுக் குடுப்பாங்க. அவுங்க டம்ளர்ல சாராயம், என்ற டம்ளர்ல டீ. எந்திரிக்கறப்ப எந்திரிப்பேன், இடிக்கறப்ப இடிப்பேன். இத்தன வருசத்துல ஒருத்தன் குடின்னு என்னைய வற்புறுத்துனதில்ல. ஆனா மேசைய உட்டு எந்திரிச்சு மட்டும் வரமாட்டேன்."

"டீயா?"

"வெறுஞ்சுடுதண்ணி இருந்தாக்கூடப் போதுமுங்ணா. ஒக்காரோணும், அவ்வளவுதான். நீங்க புளிச்சோத்தக் கட்டிட்டு வந்து அவுங்க மேசையிலயே பிரிச்சிருந்தாலும் கூடச் சேர்ந்து தின்னிருப்பாங்க."

முஸ்தபா மனசில் கள்ளம் இல்லாமல்தான் சொன்னார். டீ வரவழைத்தார். திருமலைசாமி அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. ஒரு டம்ளர் டீ. ஒரு டம்ளர் டீயைத் தூக்கிப் பிடிக்கத் தெரியாமல் போயிருக்கிறது. சொல்லியிருந்தால் செய்திருப்பாரா? மாட்டார். அதுவும் அவருக்குத் தெரிந்தது. அதனால்தான் கசப்பு இரண்டு மடங்கானது.

அன்னூர்ப் பேக்டரி திறப்பு விழாவுக்குக் கதிரேசன் வீட்டுக்கு வந்து அழைத்தான். தட்டில் வெற்றிலை பாக்குப் பழம் வைத்து முறையாக அழைத்தான். திருமலைசாமி தட்டைத் தொடவில்லை. தெய்வாத்தாள் வாங்கிக்கொண்டாள். என்ற கூடப் பொறந்தவன் விசேசத்துக்கு நான் போகோணுமுங்க என்றாள். நீ போ என்றார். பிறகு யோசித்தார். போகாவிட்டால் முகத்தைக் காட்டப் பயந்து வீட்டில் கிடக்கிறான் என்று கருமத்தம்பட்டி முழுக்கப் பேசும். அவர் எந்த வீட்டுப் படிக்கும் பயந்தவர் இல்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தங்கப்பட்டைக் கடிகாரம் எல்லாம் போட்டுக்கொண்டு வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு போனார்.

பேக்டரி பெரிதாகத்தான் இருந்தது. வாசலில் பெயர்ப்பலகை. மூன்று பாஷையில் எழுதியிருந்தது. தமிழில் எழுதினதை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தார். கதிரேசன் பெயர் நன்றாகவே தெரிந்தது.

லின் வந்து இரண்டு கையாலும் கையைப் பிடித்தார். வயதாகியிருந்தது, முடிக்கு மை பூசுவதை விட்டிருந்தார். பந்தலில் பந்தி போட்டிருந்தார்கள். திருமலைசாமியை முதல் பந்தியில், முதல் இலையில் உட்கார வைத்தார்கள். மறுக்கப்போனார். வயசுல மூத்த ஒறம்பரை நீங்க, ஒக்காருங்க மாமா என்றான் கதிரேசன். மூன்று பக்கமும் ஆள் பார்க்கிறார்கள். உட்கார்ந்தார். மரியாதைக்காகப் பக்கத்து நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார்கள்.

அப்போதுதான் லின் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து பேண்டுக்கு மேல் இடுப்பில் கட்டிக்கொண்டார். பரிமாறுகிறவனிடமிருந்து நெய்க் கிண்ணத்தை வாங்கினார். திருமலைசாமியின் இலைக்கு எதிரே நின்று பருப்புக்கு நெய் ஊற்றினார். ஒப்புட்டு வைத்தார். இன்னொன்று வைத்தார். போதுமென்று கையை நீட்டி மறைத்தபோது விரல்மேல் நெய் விழுந்தது. லின் சிரித்தார். நகராமல் அங்கேயே நின்று, அடுத்தது எது தீர்கிறது என்று இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருமலைசாமி ஒரு வாய் வைத்தார். அந்த வாய் இறங்குகிறவரைக்கும் எதிரே நிற்கிற மனுசன் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொரு வாய். அதையும் பார்த்தார். பேச ஆள் இல்லை. பக்கத்து நாற்காலி காலி. தின்கிறதை ஒருத்தன் நின்று எண்ணுவதுபோல இருந்தது. அன்றைக்கு லின் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டது அவருக்கு ஞாபகம் வந்தது.

"அவர ஒக்காரச் சொல்லு" என்றார் கதிரேசனிடம். பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

கதிரேசன் சொன்னான். லின் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, நீளமாக ஏதோ சொன்னார். கண்ணில் ஈரம் மாதிரி கூட இருந்தது.

"என்ன சொல்றான்?"

கதிரேசன் தயங்கினான். "இது எவ்வளவு பெரிய மரியாதைன்னு எனக்கு இப்பத்தான் சொல்லிக் குடுத்தாங்க, உங்க ஊட்ல நீங்க செஞ்சத நான் அன்னைக்குப் புரிஞ்சுக்கலீன்னு சொல்றாருங்க மாமா. அதுக்குப் பதிலுக்குச் செய்யறாராமா."

சொல்லிக் கொடுத்த கதிரேசன் எதிரேதான் நின்றான். மாமா அன்றைக்கு ஏன் உட்காராமல் நின்றார் என்று லின்னுக்குச் சொல்ல அவனுக்கு வாய் இருந்திருக்கிறது. பத்திரம் முடிந்த பிறகு இருந்திருக்கிறது.

திருமலைசாமி குனிந்து இலையைப் பார்த்தார். இலையில் ஒப்புட்டு முழுசாகக் கிடந்தது. இடது கையால் இலையின் இந்தப் பக்கத்தைத் தூக்கி அந்தப் பக்கமாக மூடினார். நல்ல விசேசத்தில் இலையைத் தன் பக்கமாக மூடுவார்கள், உறவு தொடர வேண்டும் என்று. வெளிப்பக்கமாக மூடுவது சாவு வீட்டில். எதிர் வரிசையில் இருந்த தெய்வாத்தாள் பார்த்துவிட்டாள். கதிரேசனும் பார்த்தான், முகம் வெளுத்துவிட்டது. லின்னும் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, கும்பிட்டார்.

வெளியே வந்து வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டுத் திருமலைசாமி காத்திருந்தார். பெண்களிடம் சொல்லிக்கொண்டு வர தெய்வாத்தாளுக்கு நேரமானது. அதற்குள் கடைசிப் பந்தி நடந்தது. பந்தலுக்கு அந்தப் பக்கம் லின் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பது வண்டியிலிருந்து தெரிந்தது. பக்கத்தில் கதிரேசன் உட்கார்ந்து யாரோ ஒரு பேங்க்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். லின் சாப்பிட்டு முடித்தார். இலையைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு, திருமலைசாமி எப்படி மூடினாரோ அதேபோல, மெதுவாக, மரியாதையாக, வெளிப்பக்கமாக மூடினார். அந்த ஊரில் பெரியவர்கள் அப்படித்தான் மூடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்.

வந்து வண்டிக் கதவைத் திறந்த தெய்வாத்தாள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். வரிசையில் இருந்த இரண்டு பேர் குனிந்து ஒருத்தர் காதில் ஒருத்தர் பேசினார்கள். கதிரேசன் இன்னும் பேங்க்காரர் பக்கம்தான் திரும்பியிருந்தான்.

"ஏனுங்க, பாவமுங்க அந்த மனுசன். தெறப்பு விழா அன்னைக்கு இப்பிடி மூடக்கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லிப்போட்டு வந்துருங்க."

திருமலைசாமி சாவியைத் திருகினார்.

"உன்ற தம்பி சொல்லட்டும். பக்கத்துலதான ஒக்காந்திருக்கான்."